ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி

என் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வயிறு வலிக்கும். எண்பதுகளின் பிற்பகுதி அது. அவள் இன்டர் முதல் வருஷம், நம்மூர்க் கணக்கில் பிளஸ் ஒன். இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்காக ஒரு கோச்சிங் சென்டரில் சேர்த்திருந்தோம். வாராவாரம் ஞாயிறு காலையில் டெஸ்ட். மத்தியானத்துக்குள் பெயர்களை ராங்க் வரிசைப்படி சுவரில் ஒட்டிவிடுவார்கள்.

தெலுங்கும் ஹிந்தியும் கலந்து புழங்கும் ஊர் அது; குகட்பள்ளி ஹவுசிங் போர்டு வீட்டில் நாங்கள் மூன்றே பேர். கணவருக்குப் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. எனக்கு பேகம்பேட்டில், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. நாங்கள் வீட்டில் மதுரைத் தமிழ்தான் பேசுவோம். அவள் பதில் தெலுங்கிலோ ஹிந்தியிலோ வரும். மனசு சரியில்லை என்றால்தான் தானாகத் தமிழுக்கு வருவாள்.

"பேட் துக்ரா மா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டுகொள்வாள். தொழிற்சாலை டிஸ்பென்சரி டாக்டர் முதலில் பூச்சி மாத்திரை கொடுத்தார். பிறகு ரோஸ் நிறத்தில் ஒரு மருந்து. ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்துவிட்டு, "ஒண்ணுமில்லையே" என்றார்.

அந்த 'ஒண்ணுமில்லை' எங்கள் வீட்டில் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டது.

"டெஸ்ட் அன்னைக்கு மட்டும் எப்படிக் கரெக்டா வருது?" என்றார் என் கணவர், அவள் காதுபடவே. நானும் அவளை எழுப்பிக் கிளப்பிவிட்டேன். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அவள் நகங்களைச் சதைவரை கடித்து வைத்திருந்ததும், ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்ததும் என் கண்ணில் படாமல் இல்லை. பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்தில் ஆணை வந்தது: ஹிந்தி தெரியாத ஊழியர்கள் ஹிந்தித் தேர்வு எழுதித் தேற வேண்டும். பதினைந்து வருஷமாகக் காய்கறி வண்டிக்காரரோடு நான் பேசிவந்த ஹிந்தியைக் காகிதத்தில் எழுத முடியாது. மகளிடமே பாடம் கேட்டேன். எனக்குப் புரிய வேண்டுமே என்று தமிழிலேயே சொல்லிக்கொடுத்தாள்.

"அம்மா, நக்கோங்கிறது தெருப் பேச்சு, அப்படி எழுதக் கூடாது. நஹீன்னு எழுதணும்."

"அது கூடப் பரவாயில்லடி. ஒவ்வொரு சாமானுக்கும் இந்த ஆம்பளை பொம்பளைதான் பிடிபடல. மேஜை என்ன?"

"பொம்பளை."

"நாற்காலி? ஃபைல்?"

"ரெண்டும் பொம்பளைதான்."

"ஆபீஸு?"

"ஆம்பளை."

"அப்ப வேலை செய்யறதெல்லாம் பொம்பளைங்க, பேரு மட்டும் ஆம்பளைக்கா?"

"ஹவ்!" என்று ஆமோதித்து அப்படிச் சிரித்தாள். அவள் சிரித்துப் பல வாரம் ஆகியிருந்தது என்பது அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

தேர்வு நாளன்று இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். எர்ரகட்டா தாண்டுவதற்குள் வயிற்றுக்குள் யாரோ துணியைப் பிழிவதுபோல் ஒரு வலி. உள்ளங்கை சில்லிட்டு, வாயில் உப்புத் தண்ணீர் ஊறியது. அமீர்பேட்டில் இறங்கி, ஒரு கடைப்படியில் உட்கார்ந்தேன். இட்லியில் ஏதாவது கெட்டுப்போயிருக்குமோ என்று முதலில் யோசித்தேன். பிறகு என் கை இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். தொப்புளுக்குச் சற்று மேலே. என் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிடித்துக்கொள்ளும் அதே இடம்.

நாற்பது வயசுக்காரி நான். தேறாவிட்டால் வேலை போகாது, யாரும் திட்டப் போவதுமில்லை. எனக்கே இப்படி என்றால்!

அடுத்த பஸ்ஸில் போய் எழுதினேன். விடுப்புக் கேட்டு மேலதிகாரிக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்கள். நூறு தடவை எழுதிப் பார்த்தது; முதல் வரியே வரவில்லை.

சாயங்காலம் காபி குடிக்கும்போது இருவரிடமும் நடந்ததைச் சொன்னேன். மகள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இங்கயா மா வலிச்சுது?" என்று தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"அங்கதான்."

"வாயில தண்ணி ஊறுச்சா? கை ஐஸ் மாதிரி ஆச்சா?"

"ஆமாடி கண்ணு."

அவள் உதடு கோணிக்கொண்டது. "நான் நடிக்கிறேன்னு ரெண்டு பேரும் நெனச்சீங்க," என்றாள், சுத்தத் தமிழில். பிறகு அழுதாள். நானும் அழுதேன். என் கணவர் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். அருகே வந்து அவள் தலையில் கை வைத்து, "தப்புதான்மா," என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு, "இன்னைக்கு நீ போகாட்டி என்ன?" என்றார் கணவர். அவளோ போகிறேன் என்று கிளம்பினாள். ராங்க் கேட்பதில்லை என்று நாங்கள் இருவரும் தீர்மானித்திருந்தோம். அவருக்கு அது லேசான காரியமில்லை. அவள் திரும்பும் நேரமானால் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். வாய் தவறிக் கேட்டுவிடுவோமோ என்று பயம். அந்த மாதம் எங்கள் வீட்டில் அழுகும் அளவுக்குத் தக்காளி சேர்ந்தது.

வலி உடனே போய்விடவில்லை. ஆனால் அவள் அதை மறைப்பதை விட்டாள். "வருது மா" என்பாள். அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன். படிப்பைத் தவிர வேறு எதையாவது பேசுவோம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் டெஸ்டுக்குப் போனால் போதும் என்றோம். நகங்கள் மெல்ல வளர்ந்தன.

நான் அந்தத் தேர்வில் தேறவில்லை. மூன்றாம் முறைதான் தேறினேன். அடுத்த வருஷம் நுழைவுத் தேர்வு எழுதிய அவளுக்கும் இன்ஜினியரிங் இடம் கிடைக்கவில்லை. ராங்க் வந்த அன்று ஒரு பொழுது முழுக்கப் படுத்தே இருந்தாள். மறுநாள் எழுந்து, பி.எஸ்.சி.யில் புள்ளியியல் படிக்கப்போகிறேன் என்று சொன்னாள். அது என்ன படிப்பு என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அவள் அப்பாதான் விண்ணப்பம் வாங்கிவரக் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டே, "அதுல என்ன சொல்லித் தருவாங்க, எனக்கும் கொஞ்சம் சொல்லேன்" என்று கேட்டார். அவளும் கூடவே நடந்தாள், கையை ஆட்டி ஆட்டித் தெலுங்கில் விளக்கிக்கொண்டே.