நான்கு மணிக்குள் ஒரு சீருடை

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் துணி காயப்போடக் கூடாது என்ற விதியை எழுதியவன் நான்தான். மந்தைவெளியில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட பழைய கட்டடம். மாடியில் தட்டோடு பதித்து நீர்க்கசிவை அடைத்த மறு வாரமே, கொடி கட்டுவதற்காக யாரோ அதில் ஓட்டை போட்டுவிட்டார்கள். சங்கச் செயலாளர் என்ற முறையில் முன்னறிவிப்பு கொடுத்தேன், ஆட்சேபணைக்கு அவகாசம் விட்டேன், தீர்மானத்தை நிறைவேற்றி லிஃப்ட் அருகே ஒட்டினேன். ஆட்சேபணை எதுவும் வரவில்லை. வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் ஒன்று வந்தது.

"ரொம்ப சமத்து. இனிமே நம்மாத்துத் துணியை எங்க காயப்போடறதாம்? உங்க ஃபைல்லயா?" என்றாள் மனைவி.

அப்படித்தான் துணி காயப்போடும் ஸ்டாண்டு வந்தது. எட்டுக் கம்பிகள், இரு பக்கமும் இறக்கைபோல் விரியும் மடிப்பு. கூடவே வந்த தாளில் ஒரு வார்த்தைகூட இல்லை, வெறும் படங்கள். முப்பத்தாறு ஆண்டுகள் அரசாணைகளைப் படித்துப் பொருள் சொன்னவனுக்குப் படம் பார்த்துப் பொருத்த ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு திருகாணிகள் மிஞ்சின. அவற்றை ஓர் உறையில் போட்டு, மேலே விவரம் எழுதிப் பத்திரப்படுத்தினேன்.

பிறகு ஒரு அட்டவணை தயாரித்தேன். எந்தக் கம்பியில் எந்தத் துணி, எத்தனை விரல் இடைவெளி, எத்தனை மணிக்குத் திருப்பிப் போடுவது என்று எல்லாம் அதில் இருந்தது. வியாழக்கிழமை பெட்ஷீட், வெளி இறக்கையில். கடைசி விதி, 'வாளியை ஸ்டாண்டில் மாட்டக் கூடாது.' எங்கள் வீட்டில் வேலை செய்த பெண் அவ்வப்போது ஒரு வாளியைக் கம்பியில் மாட்டிவிட்டுப் போய்விடுவாள். மாலையில் காய்ந்த துணியை எடுக்கும்போது அதையும் நான் எடுத்துக் குளியலறையில் வைப்பேன்.

அட்டவணையை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிய அன்று அவள் நின்று நிதானமாகப் படித்தாள்.

"இன்னா சார், துணிக்கெல்லாம் டைம்டேபிளா? பனியனுக்கு லீவு என்னிக்கு?"

அவள் எங்களிடம் ஒன்பது ஆண்டுகள் இருந்தாள். முதலில் அடையாற்றங்கரையிலிருந்து நடந்தே வந்துகொண்டிருந்தாள். அங்கே வீடுகளை இடித்து, பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் வீடு கொடுத்த பிறகு இரண்டு பஸ் மாறி வந்தாள். மனைவிக்கு முழங்கால் அறுவை நடந்தபோது அவளைத் தூக்கி உட்காரவைத்ததும் இந்தப் பெண்தான். நான் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த ஐப்பசியில் அவள் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனையில் துப்புரவுப் பணி. படிவத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. அழகான கையெழுத்தில், ஒரு அடித்தல் இல்லாமல் நிரப்பினேன். வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு என்றால் என்ன என்று வரி வரியாக விளக்கினேன்.

"வூட்டு வேலைக்கு இதெல்லாம் கெடையாதா சார்?"

"கிடையாது" என்றேன். விதியைத்தான் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

அடுத்த வாரமே வேலை கிடைத்துவிட்டது.

"ஏன்னா, நீங்கதானே நிரப்பிக் குடுத்தேள்? ஒரு தப்பாவது விட்டிருக்கப்படாதோ?" என்றாள் மனைவி.

அவள் பணியில் சேர வேண்டிய நாள் வியாழக்கிழமை. புதன்கிழமை காலை எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வேலைக்கு வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் பையிருந்தது. அதிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே நான்காவது நாளாக மழை.

"என்னடி இது?" என்றாள் மனைவி.

"டிரெஸ்சுமா. நேத்து சாய்ங்காலம்தான் குத்தாங்க. யாரோ போட்டு கயட்டினது, ஒரே வேர்வ நாத்தம். தோச்சிட்டேன். எங்க வூட்டாண்ட வராண்டா பூரா தண்ணி நிக்கிது, எங்க காயும்? நாளைக்கு ஏயு மணிக்கு டூட்டி. டிரெஸ் இல்லாம வந்தா உள்ளயே வுடமாட்டேன்னுட்டான் அந்த சூப்பர்வைசரு. இன்னொரு செட்டு அடுத்த மாசமாம்." பிறகு என்னைப் பார்த்தாள். "உன் ஸ்டாண்டுல காயுமா சார்? நாலு மணிக்கு வந்து வாங்கிக்கினு போறேன்."

கனமான துணியில் சாம்பல் நிறச் சட்டையும் பேன்ட்டும். காயும் என்று சொல்லிவிட்டேன். அவள் எங்கள் வேலையை முடித்துவிட்டு, இன்னும் இரண்டு வீடுகளில் சொல்லிக்கொள்ளப் போனாள்.

மனைவி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"காயலேன்னா?"

"சேர முடியாது."

"சேரலேன்னா?"

"வேலை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்."

அவள் நறுக்கிய பீன்ஸைப் பாத்திரத்தில் தள்ளினாள். "நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

படுக்கையறையில் ஸ்டாண்டு நிறைய எங்கள் துணிகள் ஈரமாக இருந்தன. எல்லாவற்றையும் எடுத்து நாற்காலிகளின் மீது போட்டேன். சட்டைக்கு மூன்று கம்பிகள், பேன்ட்டுக்கு மூன்று கம்பிகள் ஒதுக்கி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். ஒன்பது ஆண்டுகள் எங்கள் துணிகளை அவள் உலர்த்தியிருக்கிறாள். அவளுடைய துணி ஒன்று எங்கள் வீட்டில் காய்வது இதுதான் முதல் தடவை. அட்டவணையில் அதற்கு இடம் இல்லை.

பன்னிரண்டரைக்குக் கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டரில் ஓடுவது ஹால் மின்விசிறி ஒன்றுதான். இறக்கைகளை மடக்கி, சீருடையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஸ்டாண்டைக் கதவு வழியே சாய்த்து இழுத்து ஹாலில் நிறுத்தினேன்.

"சுவாமி அலமாரிக்கு நேராவா?" என்றாள் மனைவி.

"ஃபேன் அங்கேதான் இருக்கிறது."

அவள் கைத்தடியை ஊன்றி எழுந்து வந்தாள். சுவாமி அலமாரியின் சின்னத் திரையை இழுத்து மூடிவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஒவ்வொரு மணிக்கும் திருப்பிப் போட்டேன். மூன்று மணிக்குச் சட்டை காய்ந்துவிட்டது. பேன்ட்டின் கால்களும் காய்ந்துவிட்டன. இடுப்புப் பட்டியும் பாக்கெட்டும் மட்டும் பிழிந்தால் நீர் வரும் நிலையில் இருந்தன. இன்னும் ஒரு மணி நேரம். இடுப்பைக் கையால் விசிறிக்கொண்டு நின்றேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வந்து துணியைத் தொட்டாள்.

"பாக்கெட்டை வெளில இழுத்து விடணும்னு கூடவா தெரியாது? சார்ட்ல போடலையோ?"

இரண்டு பாக்கெட்டுகளையும் பிடுங்கி வெளியே விட்டாள். பேன்ட்டை உள்புறம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டாள். மூன்றரைக்குக் கரண்ட் வந்தது. அவள் மறுபடி எழுந்தாள். இந்தத் தடவை துணி அலமாரியிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை நாலாக மடித்து விரித்து, இடுப்புப் பட்டியை அங்குலம் அங்குலமாக அழுத்தித் தேய்த்தாள். ஆவி எழுந்தது. ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றிருந்தாள். நான் செய்கிறேன் என்றேன்.

"நீங்க கருக்கிடுவேள். ஈரத்தோட போட்டுண்டு நாள் பூரா நின்னா இடுப்பெல்லாம் புண்ணாயிடும் அவளுக்கு."

நாலு மணிக்கு அந்தப் பெண் தொப்பலாக நனைந்து வந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முதலில் இடுப்புப் பட்டியைத்தான் தொட்டுப் பார்த்தாள்.

"ஐயே, இஸ்திரி வேற போட்டுகிறீங்க!"

"உங்க சாருக்கு மடிக்கக்கூடத் தெரியாது. நான்தான் போட்டேன்."

"பேன்ட்டு போட்டுக்கினு பஸ்ல போனா எங்க ஏரியாவே சிரிக்கும்மா."

"சிரிச்சா சிரிக்கட்டும். அந்த சூப்பர்வைசர் ஜாஸ்தி பேசினா, எங்க சார் லெட்டர் எழுதிடுவார்னு சொல்லு. பயந்துடுவான்."

மனைவி சீருடையை இரண்டு பைகளுக்குள் போட்டு முடிச்சிட்டுக் கொடுத்தாள். மழை விடுவதற்குக் காத்திராமல் அந்தப் பெண் பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் வியாழன். பெட்ஷீட்டை நானே எடுத்து, அட்டவணைப்படி வெளி இறக்கையில் போட்டேன். போட்டுவிட்டு நகர்வதற்குள் ஸ்டாண்டு முழுவதும் என் பக்கம் சாய்ந்து, பனியன்களோடு தரையில் விழுந்தது. இரண்டாவது தடவையும் விழுந்தது. மிஞ்சிய திருகாணிகளை நினைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்தேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன.

மதியம் அவளிடமிருந்து போன் வந்தது.

"சார், சேந்துட்டேன். உள்ள வுட்டுட்டான். இன்னொரு ஃபாரம் குத்துகிறாங்க, நாமினியாம். ஞாயித்துக்கெயம கொண்ணாரட்டா?"

"கொண்டு வா. அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே."

"செரி சார். அப்பறம், இன்னிக்கி வியாயக்கெயம. பெட்ஷீட்டு போடும்போது அந்தாண்ட கம்பில அர வாளி தண்ணி மாட்டிடு. இல்லாங்காட்டி கவுந்துடும்."

"தெரியும்" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி பெட்ஷீட்டை மறுபடி அலசுவதற்கு எடுத்து வைத்துவிட்டு, காலி வாளியை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள்.