கதவின் அகலம் எழுதாத படம்

வழவழப்பான தாளில் புது மை வாசனை... இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் என் மேசையில் எப்போதும் அதுதான். தில்லிப் பத்திரிகை ஒன்றில் வீட்டு விற்பனைப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

சரோஜினி நகரில் எங்களுக்கு எதிர் குவார்ட்டர்ஸ் ராமசேஷன் மாமா. மத்திய அரசு உத்தியோகம். ஓய்வுபெற்றதும் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். ஒரு ஞாயிறு என்னைக் கூப்பிட்டு இரண்டு வீட்டு விளம்பரத் தாள்களைக் காட்டினார்.

ஒன்று தில்லியிலேயே, துவாரகாவில். வெறும் கறுப்புக் கோடுகளும் அளவுகளும். மற்றது நொய்டாவில், தூண்கள் மட்டும் எழும்பியிருந்த கட்டடம். முப்பரிமாண வண்ணப் படம். கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்ப்பதுபோல்... சோபா, கட்டில், அடுப்பின்மேல் ஒரு பாத்திரம்கூட.

அவர் மனைவி கோமதி மாமிக்குச் சிறு வயதிலேயே போலியோ. சக்கர நாற்காலிதான். ஆனால் சமையலை யாருக்கும் விட்டதில்லை. தாழ்வான மேசையில் அடுப்பை வைத்து, தானே உருட்டிப்போய்ச் சமைப்பார்.

"மாமி, கோட்டுப் படத்துல கதவு அகலம் போட்டிருக்கு. கலர் படத்துல இல்லை. கேட்டுண்டு முடிவு பண்ணுங்கோ" என்றேன்.

"அந்தக் கோட்டுல நான் எங்கேடா இருக்கேன்? இதுல பாரு..." மாமி வண்ணப் படத்தில் விரலால் கூடத்தைக் கடந்தார். "அடுப்புகிட்டயே போயாச்சு!"

மாமா சிரித்தார். "கோல் மார்க்கெட், லோதி ரோடு, இங்கே... எந்தக் கதவுடா இவளைத் தடுத்தது? பேப்பர்காரனுக்கு எதுலயும் குத்தம்தான்."

அவர்கள் வாழ்ந்ததெல்லாம் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். எல்லாவற்றிலும் அகலமான கதவுகள். கதவை அளக்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தோன்றியதில்லை.

நொய்டா வீட்டையே வாங்கினார்கள்.

பால் காய்ச்சும் நாளில் நானும் போயிருந்தேன். கூடத்தில் நாற்காலி தடையின்றி உருண்டது. சமையலறை வாசலில் இரண்டு சக்கரமும் நிலையில் முட்டி நின்றன. மாமா திருப்பிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார்.

மேஸ்திரி சுவரைத் தட்டினார். "பில்லர் ஹை, சாப்..." இரண்டு பக்கமும் தூண். உடைக்க முடியாது.

மாமி நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். "நீங்க போய்ப் பாலை வைங்கோ. நான் இங்கேருந்து சொல்றேன்."

இப்போது என் மகள் போனிலேயே வீடு பார்க்கிறாள். விரலை நகர்த்தினால் படுக்கையறை, இன்னொரு தரம் நகர்த்தினால் பால்கனி. கோட்டுப் படத்தை யாரும் கேட்பதில்லை. நான் மட்டும் கதவு அகலத்தைக் கேட்கச் சொல்கிறேன். "அச்சா, அச்சா" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

மாமி கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தார். எப்போது போனாலும் சமையலறை வாசலில் நாற்காலி... உள்ளே மாமா கரண்டியும் கையுமாக.

"ஏன்னா, கடுகு வெடிச்சுதா? எனக்குக் கேக்கலையே..."