ஒரு கோடு மேற்கே

உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய மாசி மாதம். உடுப்பிட்டியில் கணக்கு வாத்தியாராக இருந்த நான், சொந்த ஊரான நாகப்பட்டினத்துக்குப் பாய்க்கப்பலில் போவதென்று முடிவு கட்டினேன். ரயிலும் நீராவிக் கப்பலுமாகப் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. நேரே போனால் எழுபது மைல் கடல்தான். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

விடியற்காலையில் ஐம்பது சதத்துக்கு மாட்டுவண்டி பிடித்து, இரண்டு மைல் தள்ளியிருக்கும் வல்வெட்டித்துறையை அடைந்தேன். கப்பல் சற்று எட்ட நங்கூரமிட்டு, கூரைக்குப் போடும் பனஞ்சிலாகைகளை ஏற்றிக்கொண்டு நின்றது. கப்பலை நடத்தும் தண்டையல் வேலாயுதத்துக்கு முப்பது வயது இராது. ஒரு கப்பல் அவன் பொறுப்பில் போவது இதுதான் முதல் தடவை. கப்பலின் சொந்தக்காரர் தொலைகண்ணாடியும் கையுமாகக் கரையில் நின்றார். அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்பதை அவர் முகமே சொன்னது.

வேலாயுதத்தின் மனைவி பவளமும் கரைக்கு வந்திருந்தாள்; நிறைமாதக்காரி. அவளுடைய அண்ணன் போன கப்பல் இரண்டு வருஷத்துக்கு முன் திரும்பி வரவேயில்லையாம். அவள் அழவில்லை. "கொம்பாசுக்குத் தைச்ச மெத்தையை எடுத்து வைச்சனீங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம், நேற்றே வைச்சிட்டன். நீ வீட்டை போ, வெயிலேறுது" என்றான் அவன்.

கப்பலில் ஏறியதும் அந்த மெத்தையை எனக்குப் பெருமையாகக் காட்டினான். இலவம்பஞ்சு அடைத்த சிவப்புச் சீத்தைத் துணி மெத்தை. அலையில் அதிராமலிருக்க, திசைகாட்டும் கொம்பாசின் மரப்பெட்டியை அதன்மேல் வைத்திருந்தான். கருவிக்கே மெத்தை கிடைத்த கப்பலில் எனக்குக் கிடைத்த இடம் சிலாகைகளின் மேல்!

காலை எட்டு மணியிருக்கும், பாய் விரித்தோம். ஆழ்கடலுக்குப் போகுமுன் இவ்வூர்க் கடலோடிகள் ஒரு சோதனை செய்கிறார்கள். கோயில் கோபுரமும் அதற்குப் பின்னாலுள்ள ஒற்றைப் பனையும் ஒரே நேராக வரும்போது, இரண்டும் சரியாகத் தெற்கில் இருக்கவேண்டும். கொம்பாசும் அப்படியே காட்டவேண்டும். வேலாயுதம் குனிந்து பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். வட்டத்திலுள்ள முப்பத்திரண்டு கோடுகளில் ஒரு கோடு விலகி நின்றது முள்.

"தம்பி, இதை நம்பிப் போனா மேற்கை இழுபட்டு, கோடிக்கரை மணலிலை ஏறிடுவம். கொம்பாசு பழுது. திருப்புவம்" என்றார் சுக்கான் பிடித்த சின்னத்தம்பி.

"திருப்பினா நாளைக்கு இந்தக் கப்பலிலை வேறை தண்டையல் நிப்பான், அண்ணை. முதலாளி கண்ணாடியாலை பாத்துக்கொண்டு நிக்கிறார்."

"பாக்கட்டும். உயிர் பெரிசோ, கப்பல் பெரிசோ?"

வேலாயுதம் கரையையும் கொம்பாசையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் நெற்றியெல்லாம் வியர்வை. எனக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கோடிக்கரை மணலை நினைத்தால் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில், ஆணி ஏதாவது கழன்று கிடக்கிறதா என்று பார்க்கக் கொம்பாசுப் பெட்டியைத் தூக்கிச் சற்றுத் தள்ளி வைத்தான். முள் அசைந்து, தன் இடத்துக்கு வந்து நின்றது.

மூவரும் மெத்தையைப் பார்த்தோம். அதை அமுக்கிய அவன் விரலில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. தையலைப் பிரித்தான். மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு சத்தகம், பனையோலை வாரும் சின்னக் கத்தி, பஞ்சுக்குள்ளிருந்து வந்தது. காத்துக் கருப்பு அண்டாமலிருக்க இரும்பு வைப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். கொம்பாசின் முள் இரும்புக்கு மயங்கும் என்பது, பாவம், மெத்தை தைத்த பவளத்துக்கு எப்படித் தெரியும்?

"விசரி!" என்று அவளைப் பைத்தியக்காரியாக்கிச் சிரித்த சின்னத்தம்பி, வேலாயுதத்தின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"இது அவவின்ரை தலைமாட்டிலை கிடந்தது. பிள்ளை கிடைக்குமட்டும் எடுக்கக்கூடாதெண்டு மாமி வைச்சது" என்றான் வேலாயுதம். "தனக்கு வைச்சதை எடுத்து எனக்குத் தந்திட்டா."

சத்தகத்தை என் டிரங்குப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கப்பலின் முன்பக்கத்துக்குக் கொண்டுபோகச் சொன்னான். பிறகு கோபுரத்தையும் பனையையும் இன்னொருமுறை நேர்பிடித்துப் பார்த்தான். முள் தெற்கைச் சரியாகக் காட்டியது. கரையில் கண்ணாடி பிடித்தவருக்கு, கப்பல் கொஞ்சம் தயங்கியது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

கோடிக்கரைக்கு நன்றாகக் கிழக்கே ஒதுங்கிப் போய், மறுநாள் காலை நாகப்பட்டினத்தில் இறங்கினோம். என் ஊரில் வீட்டுக்கு வீடு கடலைப் பற்றிப் பேசுவார்கள். ஆனால் அதில் போகிறவனுக்காக ஒருத்தி தன் தலைமாட்டை வெறுமையாக்கிக்கொண்டதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. என்னால் ஆன உதவி, வேலாயுதத்தைப் பித்தளை வேலை செய்யும் கன்னார் தெருவுக்கு அழைத்துப் போனதுதான். சத்தகத்தைக் காட்டி, இதேபோல் பித்தளையில் ஒன்று வேண்டும் என்றான். பித்தளையைக் கொம்பாசு கண்டுகொள்ளாது.

"பித்தளையில கத்தியா? அது எதைங்க வெட்டும்?" என்று கேட்டார் கன்னார்.

"ஒண்டையும் வெட்டத் தேவையில்லை. மெத்தைக்குள்ளை அது கிடக்கட்டும்" என்ற வேலாயுதம், இரும்புச் சத்தகத்தை மஞ்சள் துணியில் சுற்றி மடியில் செருகிக்கொண்டான். "இது அவவின்ரை தலைமாட்டுக்குப் போகோணும். கெதியாச் செய்து தாங்கோ ஐயா, அங்கை அவ ஒண்டுமில்லாமல் படுத்திருக்கிறா."