தில்லியில் தரை சுடுகிற இடம்

ஜனவரியில் தில்லிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று இதே வலைப்பூவில் நானே எழுதியிருக்கிறேன். இருந்தும் இந்த ஜனவரியில் கோவையிலிருந்து கிளம்பிப் போனேன். காரணம் என் தங்கை மாலதி. அரசு நிறுவனங்களின் திட்டங்களுக்குப் பணம் விடுவிக்கும் மத்திய அரசுப் பிரிவு ஒன்றில் அதிகாரி, லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறாள். "அக்கா, ஒரு எடத்துக்குப் போகோணும். தனியாப் போகப் பயமா இருக்குது, நீ வாயேன்" என்றாள் போனில். மாலு வாயில் பயம் என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன்.

அவள் சொன்ன இடம் ஒரு கரிமண் கிடங்கு. சதுப்பில் செடிகொடிகள் மக்கி மக்கி, நிலக்கரியாவதற்குப் பாதி வழியில் நின்றுபோன கறுப்பு மண் அது, பீட் என்பார்கள். அதைக் காயவைத்துத் தொழிற்சாலைகளுக்கு எரிபொருளாக்க, ஒரு மாநில அரசு நிறுவனம் பொதுப்பணம் வாங்கி, தில்லி எல்லையில் சோதனை உலை கட்டப் போனது. பணம் வந்தது, உலைதான் வரவில்லை. மார்ச் முடிவதற்குள் செலவு காட்டாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடுமே! உலைக்கு அஸ்திவாரம்கூடப் போடாமல் லாரி லாரியாக மண்ணைக் கொண்டுவந்து குவித்தார்கள். மிஞ்சியதை வளாகத்துப் பள்ளங்களில் நிரப்பி, மேலே சிமென்ட் பூசி, அதன்மேல் காவலாளிக்கு ஒரு வீடும் கட்டிக் கொடுத்தார்கள். எரிகிற பொருளின் மேல் வீடு!

"புத்தி இருக்கறவன் செய்வானாடி இதை?" என்றேன்.

"மார்ச் வந்தா எங்க ஆளுகளுக்கெல்லாம் பேய் புடிச்சிருங்க்கா" என்றாள் மாலு.

குவித்த சரக்கு பத்திரமாக இருக்கிறது என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த தவணைப் பணம் போகும். திங்கட்கிழமை முறையான ஆய்வு. அன்றைக்குப் போனால் மாலை போட்டு, பிஸ்கட் கொடுத்து, முன்பக்கத்தை மட்டும் காட்டி அனுப்பிவிடுவார்களாம். அதனால் யாருக்கும் சொல்லாமல் சனிக்கிழமையே போய்ப் பார்த்துவிடலாம் என்பது அவள் எண்ணம்.

காலை ஒன்பது மணிக்கு ஐ.என்.ஏ.யில் மெட்ரோ ஏறினோம். மஞ்சள் வழித்தடம், வடக்குக் கோடியில் சமய்பூர் பாத்லி வரை மாறாமல் போகலாம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். போக வர, காத்திருப்புக்கும் சேர்த்து எழுநூறு ரூபாய்க்கு ஓர் ஆட்டோ படிந்தது. எனக்கு இந்தி அரைகுறை, பேரமெல்லாம் மாலுதான். வெளியே மூடுபனி. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது, லாரி தெரியவில்லை.

கிடங்குக்குக் கொஞ்சம் முன்பாகவே ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"சுனோ பையா, கேட் வரைக்கும்னுதானே பேசினோம்?" என்று மாலு சண்டைக்குப் போனாள்.

அவர் இறங்கவேயில்லை. போன மழைக்காலத்தில் ஒரு லாரியின் பின்சக்கரம் அங்கே தரைக்குள் இறங்கிவிட்டதாம். தூக்கியபோது பள்ளத்திலிருந்து தண்ணீர் வரவில்லையாம், புகை வந்ததாம். "அந்த நிலம் மூச்சு விடுது மேடம்ஜி. நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே நிக்கறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போனதும் அடங்கிவிட்டது.

வழியெல்லாம் புல்லில் பனித்துளி. அந்தக் கரிமேட்டில் மட்டும் ஒரு பொட்டு ஈரமில்லை. இரண்டு மாடி உயரத்துக்குக் கறுப்பாக நின்றது. தீ இல்லை, பெரிய புகையும் இல்லை. வெடிப்புகளிலிருந்து சோற்றுப்பானை ஆவிபோல ஏதோ மெல்ல எழுந்து பனியில் கலந்தது. சுற்றியிருந்த வேப்பமரங்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஒன்று வேரோடு விழுந்து கிடந்தது, வேர் முனைகள் கரிந்திருந்தன. மேட்டடியில் நாய்கள் சுருண்டு படுத்திருந்தன. எங்களைப் பார்த்து ஒன்றுகூடக் குரைக்கவில்லை. மெதுவாக எழுந்து தள்ளாடிப் போயின. ஒன்று மட்டும் எழவே இல்லை. தூங்குகிறது என்றுதான் நினைத்தேன்.

மாலு குனிந்து மண்ணில் கைவைத்து, சட்டென்று எடுத்துக்கொண்டாள். "அக்கா, உள்ளுக்குள்ள எரியுது" என்றாள்.

காவலாளி சந்தைக்குப் போயிருந்தார். வீட்டில் அவர் மனைவி சுனிதா மட்டும். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. குளிரில் நிற்காதீர்கள் என்று உள்ளே கூப்பிட்டு, டீ போட உட்கார்ந்தாள். ஒரே அறை, குளிருக்காக ஜன்னல் இடுக்குகளையெல்லாம் துணி வைத்து அடைத்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தால், தரை வெதுவெதுப்பாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை நாள் விறைத்துக் கிடந்த பாதத்துக்குச் சொர்க்கமாக இருந்தது. மூலையில் ஒரு பாயில் ஏழெட்டு மாதக் குழந்தை, முன்னி, தூங்கிக்கொண்டிருந்தது. கன்னம் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. என்ன அழகு என்று நானும் மெச்சினேன், பாவி.

சுனிதா பேசப் பேச மாலு எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். "ஹீட்டரே வேண்டாங்கறா... ஊர்ல இருந்து மாமியார் வந்தாக்கூட இந்தத் தரையை விட்டுப் போகமாட்டேங்கறாங்களாம்... காலைல எந்திரிச்சா தலைவலி, வாந்தி. வெளிய போனா சரியாயிருதாம்... கொழந்தை ரொம்பச் சமத்தாம். முந்தி ராத்திரியெல்லாம் அழுவாளாம், இப்பத் தூங்கிட்டே இருக்காளாம். பாலுக்குக்கூட எந்திரிக்..."

பாதியில் நிறுத்திவிட்டாள். எனக்கும் அப்போதுதான் என் தலை விண்விண்ணென்று தெறிப்பது உறைத்தது.

மாலு ஒரே பாய்ச்சலில் குழந்தையை வாரி எடுத்தாள். முன்னியின் தலை அவள் தோளில் துவண்டு விழுந்தது. கண் திறக்கவில்லை. "பாஹர்! ஜல்தி!" என்று கத்தியபடி வெளியே ஓடினாள். சுனிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை, பிள்ளையைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று அலறிக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். நான் வெறுங்காலோடு ஓடினேன். ஆட்டோக்காரர் குழந்தையைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்கவில்லை, அந்தப் பனியிலும் வண்டியைப் பறக்கவிட்டார்.

மருத்துவமனையில் டாக்டரின் முதல் கேள்வி, "ரூமில் அங்கீட்டி வெச்சீங்களா?" அங்கீட்டி என்பது இங்கே குளிர்காயும் கரியடுப்பு. சுனிதா இல்லை என்று தலையாட்டினாள். "பின்னே ரத்தத்துல இவ்வளவு விஷவாயு எப்படி?" என்றார். தரைக்கடியில் ஒரு பெரிய அங்கீட்டி எரிகிறது என்று மாலு சொன்னாள். நான் மெச்சிய அந்தக் கன்னத்துச் சிவப்புகூட விஷவாயுவின் வேலைதானாம். முன்னியின் முகத்தில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அந்தச் சத்தமில்லாத நேரத்தை நான் எழுதப்போவதில்லை. மத்தியானத்துக்கு மேல் அவள் அழுதாள், தொண்டை கிழிய. மாலுவும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம்.

திங்கட்கிழமை மாலு கையெழுத்துப் போடவில்லை. சரக்கு உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது, மேலே ஆள் குடியிருக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். தவணை நின்றது. தீயை அணைக்கப் பணம் வேண்டும். பணம் கேட்க, சரக்கு நஷ்டம் என்று யாராவது முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவரும் முன்வரவில்லை. இதை நீங்கள் படிக்கும்போதும் அது எரிந்துகொண்டுதான் இருக்கும்.

குளிர்காலத்தில் தில்லி போகிறவர்களுக்கு: மூடுபனியில் ரயிலும் விமானமும் தாமதமாகும், கையில் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள், காசு பார்க்காதீர்கள். மலிவான அறைகளில் அங்கீட்டி தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்துவையுங்கள். தூங்கி எழுந்து தலை வலித்தால் மாத்திரையைத் தேடாமல் முதலில் வெளியே ஓடுங்கள்.

சுனிதாவின் குடும்பம் இப்போது மாலுவின் குவார்ட்டர்ஸ் பின்னறையில் இருக்கிறது. முன்னிக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சுனிதாவுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. தூங்குகிற பிள்ளையை அவ்வப்போது கிள்ளி, அது வீறிட்டு அழுவதைக் கேட்டுவிட்டுத்தான் தானும் கண்ணை மூடுகிறாளாம். கீழ்வீட்டுக்காரர், ரிட்டயரான நம்மூர் அதிகாரி, பொறுத்துப் பார்த்துவிட்டு மேலே வந்திருக்கிறார். "ராத்திரி பூரா அந்தக் குழந்தை அழுதேம்மா, தூங்கவே முடியல" என்றாராம்.

"அழட்டுங்க சார்" என்று சொல்லியிருக்கிறாள் மாலு.