கொடி வெட்டப் போன கருப்பாயி

காட்டில் கருப்பாயிக்குப் புலியைவிடக் கொடிகளிடம்தான் பயம். ஜொகூரில், தெப்ராவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவள். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் ஆட்களை நிறுத்திய வருஷம், புருஷன் முத்திருளனோடு கோத்தா திங்கி காட்டு வேலைக்கு வந்தாள். ஆண்கள் மரம் சாய்ப்பார்கள். பெண்கள் வெகு முன்பே போய், மரங்களின் உச்சிகளைப் பிணைத்துக் கிடக்கும் தொடைப் பருமனான கொடிகளைப் பாராங் கத்தியால் அடியில் வெட்டிவிட வேண்டும். மாதக்கணக்கில் காய்ந்து கொடி இற்றுப்போன பிறகு சாய்த்தால்தான் மரம் தனியாக விழும். இல்லாவிட்டால் பக்கத்து மரங்களையும் இழுத்துக்கொண்டு வரும்.

அந்த வருஷம் மழைக்கு முன்பே மரங்களை இறக்கிவிட வேண்டுமென்று வேலையை மேற்பார்த்த மண்டோர் ராஜசேகரன் அவசரப்பட்டார்.

"கொடி இன்னும் பச்சையா இருக்குதுங்க" என்றான் முத்திருளன்.

"கீழ வெட்டியாச்சில்ல? போதும், சாய்ங்க."

பெண்களை எட்டத்தில் நிற்கச் சொல்லிவிட்டு ஒரு பெரிய மெராந்தி மரத்தைச் சாய்த்தார்கள். பாதி விழுந்த மரத்தை மேலிருந்த கொடி பிடித்து இழுத்தது. மரம் திசை திரும்பி, பெண்கள் நின்ற பக்கமாக வந்தது. கருப்பாயி ஓடினாள். வேர் தடுக்கி விழுந்தாள். அவள்மேல் வெளிச்சம் அணைந்தது.

கண்ணைத் திறந்தபோது சுற்றிலும் இலைகள். வலது கால்மேல் ஒரு கிளை. கிளையில் சுற்றிய ஒரு கொடி நேர் மேலே விறைத்து நின்றது. அதன் மறுமுனையில் ஓர் இளமரம் வில்லாக வளைந்து, அந்தக் கிளையைத் தூக்கிப் பிடித்திருந்தது. காற்று அசையும்போதெல்லாம் கொடி முனகியது. கிளை எழுந்தது, மறுபடி காலில் இறங்கியது. பயத்தில் சேலை நனைந்தது.

முத்திருளன் கோடரியோடு பாய்ந்தான். கூட வேலை செய்யும் பேச்சியம்மாள் அவன் கையைப் பிடித்தாள்.

"அந்தக் கொடியத் தொடாதீங்க தம்பி. அதுதான் கிளைய அவமேல முழுசா விழாமத் தாங்குது."

ஆண்கள் கட்டைகளை வெட்டிக் கிளைக்கு முட்டுக்கொடுத்தார்கள். இடுக்கில் நுழைய முத்திருளனின் தோள் இடம் தரவில்லை. பேச்சியம்மாள் தவழ்ந்து உள்ளே போய், பாராங்கின் நுனியால் காலுக்கு அடியில் இருந்த மண்ணைக் குடைந்து எடுத்தாள். அவளும் இடையிடையே மேலே கொடியைப் பார்த்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் கருப்பாயிக்குப் பயம் இன்னும் கூடிற்று.

"போயிருங்க அக்கா. உங்களுக்குப் புள்ளைங்க இருக்கு."

"பேசாம காலத் தளர்த்து. மேல பாக்காத."

மழைக்கு முந்திய காற்று வந்தது. இளமரம் ஆடியது. முட்டுக்கட்டை ஒன்று நெரிந்தது. வெளியே யாரோ "வந்துருங்க" என்று அலறினார்கள். பேச்சியம்மாள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, வாய்க்குள் மாரியாத்தா பேரைச் சொல்லியபடி குடைந்தாள். அடிமண் விட்டதும் கருப்பாயியின் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். கால் வந்தது, தோல் உரிந்து, எலும்பு நொறுங்கி.

கொடி அறவில்லை. இரண்டு நாள் அப்படியே விறைத்து நின்றதாம். ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. பச்சைக் கொடி இருக்கும் இடத்தில் இனிச் சாய்க்க மாட்டோம் என்று ஆண்கள் கோடரியைக் கீழே வைத்துவிட்டார்கள். ராஜசேகரன் முதலில் கத்தினார், பிறகு இறங்கி வந்தார்.

ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரிவாசம் முடிந்து கருப்பாயி நொண்டிக்கொண்டே திரும்பினாள். தோட்டத்தில் வேலை இன்னும் இல்லை. திரும்பவும் காட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. முதல் கொடியைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டாள்.

"வெட்டவா அக்கா?"

பேச்சியம்மாள் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள்.

"வெட்டிட்டு உடனே இந்தப் பக்கம் வந்துரு. நானும் பயந்துக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

கருப்பாயி வெட்டினாள். கொடி அசையாமல் தொங்கியது. அடுத்ததற்கு நடந்தார்கள்.