சல்லடை அத்தையும் பரண் சுவரும்

என் மாமியாருக்கு ஊரில் சல்லடை என்று பெயர். மாவு மில்லில் காலமெல்லாம் சல்லடைப் பிரிவில் வேலை பார்த்ததால் வந்த பெயர் என்று அவர் சொல்வார். வாயில் எதுவும் தங்காததால் வந்த பெயர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். கோபம் வந்தால் மட்டும் மனசுக்குள் சல்லடை என்று சொல்லிக்கொள்வேன்.

நாங்கள் குடியிருப்பது மில்லை ஒட்டிய வரிசை வீடுகளில். ஆறு வீடு, ஒரே கூரை. மில்லைக் கட்டிய முதல் முதலாளி பலே ஆள். ஆற்றோரம் என்பதால் தானியம் ஈரம் கட்டிப் பூஞ்சை பிடித்தது. தொழிலாளிக்கு வீடு கட்டித் தருகிற சாக்கில் மனுஷன் தானியத்துக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டார். மில்லின் மாடியிலிருந்து ஒரு குட்டிக் கதவு நேராக எங்கள் பரணுக்குள் திறக்கும். ஆறு வீட்டுக்கும் மேலே ஒரே நீளப் பரண், நடுவில் தடுப்பே கிடையாது. அங்கே தானியத்தைப் பரப்பிவிட்டால், கீழே எரிகிற அடுப்புச் சூட்டில் தானாகக் காய்ந்துவிடும். அதற்காக விறகு இலவசம். கருங்கல் சுவர் இரண்டு முழக் கனம். புகைபோக்கி இரண்டு வீட்டுக்கு ஒன்று. இவ்வளவும் யோசித்தவர், குடியிருக்கிறவர்களுக்கு வாய் என்று ஒன்று இருப்பதை மட்டும் யோசிக்கவில்லை. பரண் பலகை இடுக்கு வழியாக ஏறிய பேச்சு அடுத்த வீட்டில் போய் இறங்கிவிடும்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. அத்தை சமையலில் உப்பு தூக்கல் என்று என் வீட்டுக்காரரிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டேன். உடனே பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல், "அப்பாடா, இத்தனை வருஷத்துல ஒருத்தியாவது வாயத் திறந்தாளே" என்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் என் மாமனாரின் தங்கை, அதாவது அத்தையின் நாத்தனார். கல்யாணம் காட்சி வேண்டாம் என்று தனியாகவே இருந்துவிட்டவர். மில்லில் மாவு மூட்டைக்கு வாய் தைக்கிற வேலை. அந்த வேலையாலும் நாக்காலும் அவருக்குக் கோணூசி என்று பெயர்.

அண்ணியும் நாத்தனாரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. காரணம் வாசல்படி. மில்லில் தேய்ந்துபோன அரவைக் கல்லை வீணாக்க மாட்டார்கள்; பிளந்து வீடுகளுக்குப் படியாகப் போட்டுவிடுவார்கள். அப்படி ஒரு கல்லை இரண்டாகப் பிளந்தபோது பெரிய பாதி எங்கள் வாசலுக்கும் சின்னப் பாதி கோணூசி வாசலுக்கும் போனது. போட்டவர் மாமனார். அண்ணன் பெண்டாட்டி பேச்சைக் கேட்டு ஓரவஞ்சனை செய்துவிட்டான் என்று தங்கைக்குக் கோபம். தான் வாயே திறக்காமல் பழி வந்ததே என்று அத்தைக்குக் கோபம். (சல்லடை வாயே திறக்கவில்லை என்றால் யார்தான் நம்புவார்கள்?) இனி உன் படியை மிதிக்க மாட்டேன் என்று இருவரும் சபதம் போட்டார்கள். நான் ஒருநாள் கை வைத்து அளந்து பார்த்தேன். வித்தியாசம் நாலு விரற்கடை.

நேரில்தான் பேச்சில்லையே தவிர, பேச்சுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் ஜாடைதான். அத்தை பூனையைப் பார்த்துப் பேசுவார். கோணூசி அடுப்பைப் பார்த்துப் பேசுவார். அந்தப் பக்கம் இருமல் கேட்டால், சிலருக்கு வெந்நீர் குடிக்கக்கூட யாராவது சொல்லித் தர வேண்டியிருக்கிறது என்று பூனைக்குச் செய்தி போகும். சற்று நேரத்தில் அங்கே பாத்திரம் அடுப்பில் ஏறும் சத்தம் கேட்கும். மாமனார் இறந்த சமயம் அத்தை அன்ன ஆகாரமில்லாமல் சுருண்டு கிடந்தாராம். கோணூசி தன் அடுப்பிடம், பட்டினி கிடந்து, போனவனைத் திரும்பக் கொண்டுவந்தவள் எவள் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டே இருந்தாராம். திட்டுத் தாங்காமல்தான் எழுந்து சாப்பிட்டேன் என்று அத்தையே எனக்குச் சொன்னார். சொல்லும்போது சிரித்தார், கண் மட்டும் கலங்கியிருந்தது.

இப்படி இருக்கையில் மில் கைமாறியது. தீயணைப்பு அதிகாரி வந்து பார்த்துவிட்டு, ஒரு வீட்டில் தீப்பிடித்தால் பரண் வழியாக ஆறும் போய்விடும், ஒவ்வொரு வீட்டுக்கு நடுவிலும் கூரைவரை சுவர் எழுப்பியே ஆக வேண்டும் என்றார். நியாயம்தான். வரிசையே சந்தோஷப்பட்டது, முதல் ஆளாக நான். அத்தைக்கு மட்டும் முகம் சுண்டிவிட்டது. நேராகப் புது முதலாளியிடம் போய், பழைய கட்டடம் பாரம் தாங்காது, சுவர் வைத்தால் தானியம் எப்படிக் காயும் என்று வாதாடினார். பரணில் தானியம் காயப்போட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டதே என்று அவர் சிரித்தார். அத்தை வாயடைத்துத் திரும்பி வந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் பாத்திரம் துலக்கும்போது, அந்தப் பக்கம் கேட்காத குரலில் என்னிடம் சொன்னார். "சுவர் வந்துட்டா அவ குரல் கேக்காதுடி. நேர்ல போய்ப் பேசவும் வழியில்ல. அப்புறம் எனக்குன்னு யாரு இருக்கா?"

நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிற்கிறேனே என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது புரிந்தது. கூடவே சண்டை போட்டு வளர்ந்த சொந்தத்துக்கு நான் ஈடாக முடியாது.

சுவர் எழும்பிவிட்டது. கொத்தனார் இரண்டு பக்கமும் வழவழவென்று பூசியும் விட்டார். வீடு கிணற்றுக்குள் இருப்பதுபோல் ஆகிவிட்டது. அத்தை பூனையிடம் ஏதாவது சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். பதில் வராது. பூனையும் எழுந்து போய்விடும். ஒருநாள் சமையலில் உப்பே இல்லை; அதைச் சொல்லிக்காட்டவும் ஆளில்லை. அடுப்படியில் விறகு மலையாகக் கிடக்க, விறகு எடுக்கிறேன் என்று அடிக்கடி பரண் ஏற ஆரம்பித்தார்.

பூச்சுக்குத் தண்ணீர் அடிக்கத் தினமும் இரண்டு பக்கப் பரணுக்கும் ஏறி இறங்கும் கொத்தனார், ஒருநாள் சிரிப்பை அடக்க முடியாமல் என்னிடம் வந்தார்.

"உங்க மாமியார் பரண்ல முக்காலி போட்டு, சுவர்ல காதை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்கம்மா. அந்தப் பக்கமும் ஒரு முக்காலி கெடக்கு. அந்த அம்மா காதெல்லாம் சிமெண்டு."

அத்தை இறங்கி வந்தார். வலது காது சாம்பல் நிறத்தில் இருந்தது. கொத்தனார் சொன்னதை அப்படியே சொன்னேன். அத்தை காதைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டியதைப் பார்த்தார். பிறகு தலையை வாரிக்கொண்டு வெளியே போனார். காதைத் துடைக்க மறந்துவிட்டார்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். கோணூசி வாசலில் அந்தச் சின்னப் பாதிக் கல்லுக்கு முன்னால் அத்தை நின்றுகொண்டிருந்தார். ஒரு காலை வைத்தார். பிறகு இன்னொன்றையும் வைத்தார்.

"கதவே," என்றார், "காதுல சிமெண்டு காய விடக்கூடாது. எண்ணெய் தடவிக் கழுவணும்னு ஒருத்திகிட்டச் சொல்லு."

கதவு திறந்தது. கோணூசி முதலில் பார்த்தது அத்தையின் காலைத்தான். பிறகு அத்தையின் காதை. கை தன்னையறியாமல் தன் காதுக்குப் போனது.

"கதவுக்கு என்ன தெரியும்? நீங்க உள்ள வாங்க அண்ணி."

அண்ணி என்ற அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அத்தை உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது.

அவ்வளவு காலத்துப் பேச்சு பாக்கி இருக்கிறதே, விடுவேனா? பரண் ஏணியில் ஓடி ஏறி, அத்தையின் முக்காலியில் உட்கார்ந்து, சுவரில் காதை ஒட்டவைத்தேன். ஒரு எழுத்து கேட்கவில்லை. கொத்தனார் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருந்தார். காதில் சிமெண்டு ஒட்டியதுதான் மிச்சம்.