பச்சை டிக்

வரவேற்பு மேசையை விட்டு எழுந்திருக்கும் முன் கட்டைவிரல் நகத்தைப் பல்லில் வைத்துக்கொண்டு அவள் காத்திருப்பாள். கணினியில் அவள் எழுதும் நாவல் இருக்கும் ஃபோல்டரின் ஓரத்தில் சுற்றும் நீல வட்டம் நின்று, பச்சை டிக் விழ வேண்டும். விழுந்தால்தான் கைப்பையை எடுப்பாள். பல் ஆஸ்பத்திரியில், ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் எழுதியதெல்லாம் இணையம் வழியே ஏறி, வீட்டில் லேப்டாப்பைத் திறந்தால் அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்த தங்கை ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தாள்: "ஒரு இடத்துல மூடாம இன்னொரு இடத்துல திறக்காதக்கா. ரெண்டும் முட்டிக்கும்."

நாவலைப் பற்றி அறிந்த இன்னொரு ஆள், தினமும் அவளோடு சாப்பிடும் நர்ஸ்.

"நான் வர்றேனா அதுல?"

"நீ வந்தா கதை எங்க நகரும்? பேசியே தீத்துடுவ."

உண்மையில் நர்ஸ் வந்துவிட்டிருந்தாள். கட்டிக்கொள்வதாக வாக்குக் கொடுத்தவன் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு காத்து நிற்க, தான் எதிர்க்கடை நிழலிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியதை, நர்ஸ் ஒருநாள் சொல்லியிருந்தாள். "உன்னோட போகட்டும்டி" என்றும் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை மாலை வீட்டில் அதை இவள் அப்படியே எழுதினாள். பெயர் மட்டும் வேறு. நெடுநாளாக முரண்டு பிடித்த எழுத்து அன்று தானாக வந்தது.

ஞாயிறு அவளுக்கு விடுமுறை. வரவேற்பையும் சேர்த்து நர்ஸ்தான் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்தால் அதே அத்தியாயம் இரண்டாக நின்றது. இரண்டாவதன் பெயரில் 'வரவேற்பு மேசை' என்று ஆஸ்பத்திரிக் கணினியின் பெயர் ஒரு வாலாக. அதில் எல்லாம் இருந்தது, பஸ் ஸ்டாண்டைத் தவிர. நர்ஸ்தான் வெட்டியிருக்கிறாள் என்று அவள் முடிவு கட்டினாள்.

மறுநாள் கருவிகள் கழுவும் அறையில் நர்ஸைப் பிடித்தாள்.

"நேத்து என் ஃபைலைத் தொட்டியா?"

"அது திறந்தே கிடந்துச்சு. நோயாளி பேர் தேடப் போய் எதையோ தட்டிட்டேன். என்ன, வெடிச்சிடுச்சா?"

"நடிக்காத. திருட்டுத்தனமா படிச்சிருக்க. பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டை மட்டும் வெட்டி எறிய எப்படிடி மனசு வந்துச்சு?"

கழற்றிய கையுறை நர்ஸின் விரல் நுனியில் தொங்கியது.

"எந்த பஸ் ஸ்டாண்டு?"

நர்ஸ் குழாயை மூடினாள்.

"பெட்டியும் இருக்கா அதுல?"

"இருக்கு."

"என்ன கலர்?"

"நீ சொன்னதுதான். சிவப்பு."

"சரி" என்றாள் நர்ஸ். அன்றிலிருந்து மாடிப்படியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள்.

தெரியாதவள் மாதிரி நின்று எப்படி நடித்தாள், கழுத்தறுத்தவளுக்குக் கோபம் வேறா என்று இவள் பல நாள் தனக்குத்தானே கறுவிக்கொண்டாள். அந்த இரண்டாவது பிரதியை, சாட்சி மாதிரி, அழிக்காமலே வைத்திருந்தாள்.

ஊரிலிருந்து வந்த தங்கைதான் அதைத் திறந்து பார்த்தாள்.

"யாரும் எதையும் வெட்டலக்கா. சனிக்கிழமை ஆஸ்பத்திரில நீ டிக்கைப் பாத்துட்டு ஸ்க்ரீனை மட்டும் அணைச்சிருக்க, ஃபைலை மூடல. அங்க பழசே திறந்து கிடந்திருக்கு. நீ வீட்ல எழுதினது அந்த ஸ்க்ரீனுக்குப் போகவே இல்ல. மறுநாள் யாரோ எதையோ தட்டவும், பழசு தனியா சேவ் ஆயிடுச்சு." திரையில் கடைசி வரிக்கு இறங்கி விரலை வைத்தாள். "இதோ பாரு, ஏதோ பேரோட முதல் ரெண்டு எழுத்து."